பட்டப்பகலில் வரும் அந்துப்பூச்சிகள்

வாசலில் ஒரு இட்லிப்பூச் செடி இருந்தால் போதும். மாலை 4 மணி வாக்கில், வெயில் தணிந்ததும் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். தேன்சிட்டோ பெரிய வண்டோ என்று குழம்ப வைக்கும் ஒன்று விர்ரென்று வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். பச்சை முதுகு, கண்ணாடிச் சிறகு. அதுவும் அந்துப்பூச்சிதான்.

சிறகைப் பார்க்க முயலாதீர்கள், அந்த வேகத்தில் பிடிபடாது. உறிஞ்சுகுழலைக் கவனியுங்கள். கொத்திலுள்ள மெல்லிய பூங்குழாய்களில் ஒன்றுவிடாமல் நுழைத்து எடுக்கும். பூவுக்கு ஓரிரு நொடிதான். கூட்டைவிட்டு வரும்போது இதன் சிறகிலும் செதில்கள் உண்டு. முதல் பறப்பிலேயே அவை உதிர்ந்துவிடுவதால்தான் இந்தக் கண்ணாடி. கார்டீனியா இலையை வாலில் கொம்புள்ள பச்சைப் புழு கடித்துக்கொண்டிருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். அநேகமாக இதன் பிள்ளைதான். செடி மறுபடி துளிர்த்துவிடும்.

காலையில் தேட வேண்டியது வேறொன்று. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, கறுப்புச் சிறகில் ஒளி ஊடுருவும் திட்டுகள். குளவி என்று கை தானாகப் பின்வாங்கும். பயம் வேண்டாம், இதற்குக் கொடுக்கே கிடையாது. குளவி இவ்வளவு சோம்பலாகப் பறக்கவும் பறக்காது. இணைசேர்ந்தவை வாலோடு வால் ஒட்டி, ஆளுக்கொரு திசை பார்த்தபடி ஒரே இலையில் மணிக்கணக்கில் கிடக்கும். செல்போனில் படமெடுக்க இவற்றைவிடப் பொறுமைசாலிகள் அமைய மாட்டார்கள்.

வண்ணத்துப்பூச்சியோ என்று சந்தேகம் வந்தால் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்குத் தீக்குச்சித் தலை மாதிரி தடித்திருக்கும். இவற்றுக்கு அப்படி இராது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஆள். வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். புல்லை மிதித்தால் கிளம்பி, நாலடி பறந்து, மறுபடி புல்லிலேயே ஒளிந்துகொள்ளும். இத்தனை பகட்டு எதற்கு? இதன் புழு கிலுகிலுப்பையைத் தின்னும்போது செடியின் நஞ்சும் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. 'என்னைத் தின்னாதே' என்பதற்குத்தான் அந்த நிறம். அமெரிக்காவில் இதன் உறவுக்கார இனத்தை ஆராய்ந்த தாமஸ் ஐஸ்னர், வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தியே இழைகளை அறுத்து வெளியே விட்டுவிடுவதைக் கண்டார்.

கிலுகிலுப்பை வேலியோரத்தில் தானாக முளைக்கும். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் அதே குடும்பம்தான். காய்த்திருக்கும்போது ஓட்டை விழுந்த காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். விதையைத் தின்றபடி புழு உள்ளேயே இருக்கக்கூடும்.