வெண்கட்டுச் சிப்பாய் பேசுகிறான்

அமெரிக்க நாவலாசிரியர் ஜோசப் ஹெல்லரை நம் வாசகர்களுள் பலர் 1961இல் வெளிவந்த 'கேட்ச்-22' வாயிலாகவே அறிவர். அந்த நாவலின் புகழ் நிழலில், அவர் தம் நண்பர் ஸ்பீட் வோகலுடன் சேர்ந்தெழுதி 1986இல் வெளியிட்ட 'நோ லாஃபிங் மேட்டர்' பெரிதும் மறைந்து போயிற்று. 'சிரிப்பதற்குரிய செய்தியன்று' என்று பொருள்படும் தலைப்பைச் சூடிக்கொண்டு நம்மை ஓயாமல் சிரிக்க வைக்கும் நூல் இது. அச்சிரிப்பு எவ்விடத்தில் உண்மையைக் காட்டுகிறது, எவ்விடத்தில் அதை மூடுகிறது என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

1981 டிசம்பரில், தம் 58ஆம் வயதில், ஹெல்லர் கில்லன்-பாரே நோய்க்கு ஆளானார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே புற நரம்புகளின்மேல் பாய்ந்து அவற்றின் உறையைச் சிதைக்கும் நோய் அது. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து நீங்கிய சில நாட்களில், சில வாரங்களில் பலருக்குத் தொடங்குகிறது. பெரும்பாலும் காலில் தோன்றும் தளர்ச்சி மேலேறும். மூச்சுத் தசைகளை எட்டிவிட்டால் இயந்திரத்தின் துணை வேண்டும். ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரையே இது பற்றுகிறது. கைகால் விழுந்தால் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு எண்ணெய் தேடும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் உண்டு. அந்தத் தேடலிலேயே முதல் நாட்கள் கழிந்துவிட்டால் என்னாவது என்ற கலக்கம் இந்நூலைப் படிக்கையில் நமக்கு எழாமல் இல்லை.

'கேட்ச்-22' மருத்துவமனையில்தான் தொடங்குகிறது. அங்கே தலை முதல் கால் வரை கட்டுக்குள் கிடக்கும் வெண்கட்டுச் சிப்பாய் ஒருவனைச் சுற்றிப் பிறர் பேசுவர், அவன் பேசுவதில்லை. உள்ளே மனிதன் இருக்கிறானா என்ற ஐயமே அங்கு நகைச்சுவையாகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாத்திரத்தைப் படைத்தவரே அசைவற்றுப் படுக்கையில் கிடந்தார். இந்நோயில் உடல் ஓய்ந்தாலும் அறிவு மங்குவதில்லை. கிடப்பவன் யாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாவலில் வாய் திறவாத சிப்பாய்க்கு இந்நூலில் குரல் கிடைத்திருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். இதன் இலக்கியப் பெறுமதி இங்குதான் உள்ளது.

இருவரும் மாறி மாறி அத்தியாயங்களை எழுதியிருப்பது வெறும் உத்தியென்று ஒதுக்கத்தக்கதன்று. நோயாளி கண்டது மேற்கூரையும் வந்து குனியும் முகங்களும்; எஞ்சியவற்றைக் கண்டவர் நண்பர். எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத வோகல், ஹெல்லரின் வீட்டில் குடியேறி, அவர் ஆடைகளை அணிந்து, அவருக்காகக் காசோலைகளில் ஒப்பமிட்டு, அந்த வாழ்க்கையைத் தாம் சுவைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். நோயாளிக்குத் துணை நிற்பவர் எல்லா நேரமும் துயரத்திலேயே மூழ்கியிருப்பதில்லை என்ற உண்மையைச் சொல்ல நம் எழுத்தாளர்கள் இன்னும் கூசுகின்றனர். அவரது அத்தியாயங்களே ஹெல்லருடையவற்றைவிட நம்மை அதிகம் கவர்ந்தன.

குறை இல்லாமல் இல்லை. மணவிலக்கு வழக்கும் செலவுக் கணக்கும் அளவுக்கு மீறி இடம் பிடிக்கின்றன. மெல் புரூக்ஸ், மரியோ பூசோ போன்ற புகழ் பெற்ற நண்பர்கள் வந்து கேலி பேசும் பகுதிகள் ஒரு கட்டத்தில் விருந்துக் கூடத்தின் ஆரவாரமாகிவிடுகின்றன. அச்சம் தலைகாட்டும்போதெல்லாம் ஒரு வேடிக்கை குறுக்கே வந்து விழுகிறது. (நோயின்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது தாவூது அரசரைப் பற்றிய 'காட் நோஸ்'; 1984இல் வெளிவந்தது. அதில் அவர் தீட்டிய சித்திரம் நமக்கு உடன்பாடன்று. அது வேறு விவாதம்.)

நம்மை உறுத்துவது மற்றொன்று. 1916இல் இந்நோயை விவரித்தோர் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என மூவர். ஸ்ட்ரோலின் பெயர் வழக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. இந்நூலிலும் அப்படி ஒருவர் உண்டு. ஹெல்லரைப் பேணிய செவிலியர் வேலரி ஹம்ஃப்ரீஸைப் பற்றி இரு ஆடவரும் பரிவோடும் குறும்போடும் எழுதுகின்றனர். 1987இல் ஹெல்லர் அவரையே மணந்தார். ஆயினும் அந்த உடலின் பாரத்தைத் தம் கைகளில் அறிந்தவரான அவருக்கு நூலில் ஓர் அத்தியாயமும் ஒதுக்கப்படவில்லை.