ஒரு லட்சம் யோசனைகளும் நூறு நாள் வரைபடமும்

2011 பிப்ரவரி 22 அன்று பகல் 12.51 மணிக்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் குலுங்கியது. 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேரின் உயிரைக் குடித்தது சிடிவி என்ற ஒரே கட்டடம். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2010 செப்டம்பர் 4 அன்று வந்த 7.1 அளவிலான நிலநடுக்கம் பல கட்டடங்களை ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருந்தது. இரண்டாவது அடியில் நகர மையமே சரிந்தது. ராணுவக் காவலோடு மையத்தைச் சுற்றி வேலி போடப்பட்டது. படிப்படியாகச் சுருங்கிய அந்த வேலி முழுமையாக அகல 2013 ஜூன் இறுதி ஆயிற்று. வேலிக்குள் ஆயிரத்துக்கும் அதிகமான கட்டடங்கள் இடித்து அகற்றப்பட்டன.

ஒரு நகரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய வெற்று மனையாக மாறும்போது, அங்கே இனி என்ன எழ வேண்டும் என்று யார் முடிவு செய்வது? நிலத்தின் உரிமையாளர்களா, பணம் தரும் அரசா, தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியா, அந்தத் தெருக்களில் நடந்து வளர்ந்த மக்களா? நகரத் திட்டமிடலில் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த நடைமுறை எதைச் சாதிக்கும், எங்கே தவறும் என்று எடைபோட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்க்க கிறைஸ்ட்சர்ச்சைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. உலகம் பாராட்டிய மக்கள் பங்கேற்பும், அதை ஓரங்கட்டிய அதிகார முடிவும் ஒரே நகரத்தில், ஓராண்டு இடைவெளிக்குள் நடந்தன.

2011 ஏப்ரலில் நியூசிலாந்து நாடாளுமன்றம் கேன்டர்பரி நிலநடுக்க மீட்புச் சட்டத்தை இயற்றியது. நகர மையத்துக்கான மீட்புத் திட்டத்தை ஒன்பது மாதங்களுக்குள் வகுக்கும் பொறுப்பை அது மாநகராட்சியிடம் கொடுத்தது. திட்டத்தை ஏற்கவும் மாற்றவும் ஒதுக்கவும் உரிய அதிகாரமோ நிலநடுக்க மீட்பு அமைச்சரிடம் இருந்தது. பின்னால் நடந்தவை எல்லாவற்றுக்குமான விதை இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

மாநகராட்சி தாமதிக்கவில்லை. அந்த மே மாதமே 'ஷேர் அன் ஐடியா' என்ற பெயரில் மக்களின் யோசனைகளைத் திரட்டத் தொடங்கியது. இணையதளம், வீடுகளுக்கு அனுப்பப்பட்ட தாள்கள், பயிலரங்குகள் என எல்லா வழிகளையும் திறந்துவைத்தது. மே 14, 15 தேதிகளில் நடந்த கண்காட்சிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து, வண்ண ஒட்டுத்தாள்களில் தங்கள் விருப்பங்களை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். குழந்தைகள் லெகோ கட்டைகளால் தங்கள் நகரத்தைக் கட்டிக் காட்டினார்கள். ஆறு வாரத்தில் சேர்ந்த யோசனைகள் ஏறக்குறைய 1,06,000. நகரின் மக்கள்தொகை அப்போது நான்கு லட்சத்துக்கும் குறைவு. இந்த முயற்சிக்கு நெதர்லாந்தில் வழங்கப்படும் கூட்டுப்படைப்பு விருதும் கிடைத்தது.

இதன் முதல் வலிமை, சிதறிய விருப்பங்களிலிருந்து ஒரு திசை கிடைத்தது. பசுமையான நகரம் வேண்டும். உயரம் குறைந்த, பாதுகாப்பான கட்டடங்கள் வேண்டும். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தோதான தெருக்கள் வேண்டும். நகருக்குள் ஓடும் ஏவன் ஆற்றின் கரை மக்களுக்கான பூங்காவாக வேண்டும். வயதும் தொழிலும் கடந்து திரும்பத் திரும்ப வந்த கருத்துகள் இவை. இந்த ஒற்றுமையை எந்த நிபுணர் குழுவும் அறைக்குள் உட்கார்ந்து உருவாக்கியிருக்க முடியாது. டேனிஷ் நகர வடிவமைப்பாளர் யான் கேலின் நிறுவனம் 2009இலேயே கிறைஸ்ட்சர்ச்சின் பொது இடங்களை ஆய்வு செய்து, காரைவிட மனிதனுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்லியிருந்தது. அப்போது அது ஓர் ஆலோசனை அறிக்கை. மக்களும் அதையே கேட்டபின் அது நகரத்தின் கோரிக்கையானது.

இரண்டாவது வலிமை அளவிட முடியாதது. ஆனால் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வீட்டை இழந்தவர்கள், உறவினரைப் புதைத்தவர்கள், பின்னதிர்வுகளுக்கு அஞ்சித் தூக்கம் கெட்டவர்கள் ஆகியோரிடம் 'உங்கள் நகரம் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்பது, எதிர்காலம் ஒன்று உண்டு என்ற உறுதியைத் தருகிறது. நிவாரணம் வாங்க வரிசையில் நிற்பவர் என்ற நிலையிலிருந்து நகரத்தை ஆக்குபவர் என்ற நிலைக்கு மனிதரை அது உயர்த்துகிறது. பேரிடர் மீட்பில் சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் இணையான இடம் இந்தத் தன்மதிப்புக்கு உண்டு.

குறைகளும் அந்தக் கேள்வியிலேயே இருந்தன. என்ன வேண்டும் என்று கேட்டவர்கள், அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்கவில்லை. பூங்காவும் வேண்டும், இலகு ரயிலும் வேண்டும், வரியும் ஏறக் கூடாது என்று ஒரே மனிதர் மூன்று தாள்களில் எழுதி ஒட்டிவிட முடியும். மூன்றும் எண்ணிக்கையில் சேரும்; மூன்றுக்கும் இடையிலான முரண் எங்கும் பதிவாகாது. நகரத் திட்டமிடலின் கடினமான வேலையே அந்த முரணைத் தீர்ப்பதுதான். விருப்பப் பட்டியலோடு நிற்கும் பங்கேற்பு அந்த வேலையை மீண்டும் அதிகாரிகளின் மேசைக்கே அனுப்பிவிடுகிறது. லட்சம் யோசனைகளை ஐந்தாறு தலைப்புகளுக்குள் அடக்கும்போது எது மேலே வருகிறது, எது மறைகிறது என்பதும் தொகுப்பவர் கையில்தான் இருக்கிறது.

வராதவர்களின் குரல் அடுத்த குறை. நகரின் கிழக்குப் புறநகர்களில் மண் சேறாகக் குழைந்து வீடுகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் சிதைத்திருந்தது. கழிப்பறைக்கே வழியில்லாமல் திண்டாடிய குடும்பத்துக்கு நகர மையத்தின் எதிர்காலம் குறித்து யோசிக்க நேரமும் மனமும் எங்கிருந்து வரும்? கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும் அதற்குள் நுழையும் வசதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எதிர்முனையில், மையத்தில் நிலம் வைத்திருந்தவர்களின் கவலை ஒட்டுத்தாளில் அடங்காதது. காப்பீட்டுத் தொகை எப்போது வரும், வந்தால் இங்கேயே கட்டுவதா, வேறு ஊரில் முதலீடு செய்வதா என்பதே அவர்களது கேள்வி. மையம் மீள்வதும் மீளாததும் பெரிதும் அந்த முடிவுகளைச் சார்ந்திருந்தன. மக்களின் கனவும் உரிமையாளர்களின் கணக்கும் ஒரே அறையில் சந்திக்கவே இல்லை.

ஆகஸ்டில் வரைவுத் திட்டம் வெளியானது. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் திட்டம் அமைச்சரிடம் போய்ச் சேர்ந்தது. 2012 ஏப்ரலில் அமைச்சர் ஜெரி பிரவுன்லீ அதை அப்படியே ஏற்காமல், அரசு சார்பில் நகர மைய மேம்பாட்டுப் பிரிவு ஒன்றை அமைத்து, நூறு நாளில் புதிய வரைபடம் தயாரிக்கச் சொன்னார். வல்லுநர் குழு உருவாக்கிய அந்த 'புளூபிரின்ட்' ஜூலை 30 அன்று வெளியானது. அதன் மீது பொதுக் கருத்துக்கேட்பு நடக்கவில்லை. மாநாட்டு மையம், கூரையிட்ட விளையாட்டரங்கம், நீச்சல் மற்றும் உள்ளரங்க விளையாட்டு வளாகம், நீதித்துறை வளாகம் எனப் பெரிய திட்டங்களுக்கு இடங்கள் குறிக்கப்பட்டன. மையத்தைச் சுருக்கவும் நில விலை சரியாமல் காக்கவும் அதன் கிழக்கிலும் தெற்கிலும் அகன்ற பட்டைகள் ஒதுக்கப்பட்டன. தேவையான மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் சட்டம் இடம் கொடுத்தது.

ஒரு லட்சம் யோசனைகளும் குப்பைக்குப் போய்விட்டன என்று சொல்வது நியாயமாகாது. ஆற்றங்கரைப் பூங்கா வந்தது. மையத்தில் கட்டட உயரத்துக்கு 28 மீட்டர் வரம்பு வந்தது. போக்குவரத்துப் பகுதியை அமைச்சர் தனியே ஒதுக்கிவைத்தாலும், 2013 அக்டோபரில் அதற்கென வந்த அத்தியாயம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் இடம் தந்தது. இலகு ரயில் நழுவிப்போனது. மக்கள் சொன்னவை நகரத்தின் தோற்றத்தைத் தீர்மானித்தன. பெருஞ்செலவுகளை அரசும் வல்லுநர்களும் தீர்மானித்தார்கள். 2013இல் அரசும் மாநகராட்சியும் செலவுப் பகிர்வு ஒப்பந்தம் செய்தபோது, பல ஆண்டு வரிப்பணத்தை எதற்குக் கட்டிப்போடுவது என்ற முடிவில் மக்களுக்கு இடம் இருக்கவில்லை. பூங்காவின் மரங்களைப் பற்றிக் கேட்டார்கள். அரங்கத்தின் கோடிகளைப் பற்றிக் கேட்கவில்லை.

அரசின் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். முதலீட்டாளர்கள் உறுதியை எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் அவர்களை வெளியே தள்ளியது. மீட்புக்கான பொதுச் செலவில் பெரும்பங்கை ஏற்றது மத்திய அரசு. மாநகராட்சியின் நிர்வாகத் திறன் குறித்த ஐயமும் ஆதாரமில்லாதது அல்ல: கட்டட அனுமதி வழங்குவதற்கான அங்கீகாரத்தையே அது 2013 ஜூலையில் இழந்தது. இப்படிப்பட்ட சூழலில் யாராவது ஒருவர் துணிந்து கோடு போட்டாக வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் விரைவு என்ற பெயரில் பங்கேற்பைக் கைவிட்டவர்கள் அந்த விரைவைத் தந்தார்களா? தே பே என்ற மாநாட்டு மையம் 2021 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது, செலவு 47.5 கோடி நியூசிலாந்து டாலர். கூரையிட்ட அரங்கத்தின் செலவு 68.3 கோடி டாலராக உயர்ந்து, நிலநடுக்கத்துக்குப் பத்தாண்டு கழிந்தபிறகுதான் அதன் கட்டுமானமே தொடங்கியது. கிழக்குப் பட்டையில் எழ வேண்டிய வீடுகளும் மெதுவாகவே வந்தன. கையகப்படுத்திய மனைகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. வரைபடம் நூறு நாளில் முடிந்தது. அதில் குறித்தவற்றைக் கட்டி முடிக்கப் பத்தாண்டுகள் போதவில்லை. மக்களிடம் இன்னும் மூன்று மாதம் பேசியிருந்தால் நகரம் தாமதமாகியிருக்கும் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை.

எனவே பங்கேற்பு தோற்றுவிட்டது என்று முடித்துவிடலாமா? கூடாது. அதே நகரத்தில் அது வேறு வடிவங்களில் பலன் தந்திருக்கிறது. நிலத்தின் பூர்வ குடிகளான மாவோரி மக்களில் நை தாஹு இனத்தின் பேரவைக்கு மீட்புச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. மீட்பு உத்தியை வகுக்கும்போது அதன் கருத்துக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த இடத்தைப் பயன்படுத்தி அவர்கள் மட்டபோபோரே என்ற அறக்கட்டளையை அமைத்து, முக்கியத் திட்டங்களின் வடிவமைப்பில் உடன் உட்கார்ந்தார்கள். இன்று ஏவன் ஆற்றங்கரையில் நடப்பவர் காலடியில் பாய் முடையும் கலை மரபில் அமைந்த கல் வடிவங்களைக் காணலாம். 2018 அக்டோபரில் திறந்த மைய நூலகத்துக்கு 'தூரங்கா' என்ற பெயரை அளித்ததும் அந்தப் பூர்வ குடியினரே. 1850களில் ஆங்கிலேயக் குடியேற்றமாக எழுந்த மையத்தில் அதுவரை அவர்களின் சுவடு ஏறக்குறைய இல்லை. ஒரு லட்சம் தாள்களை எழுதியவர்களுக்கு அடுத்த அறைக்குள் நுழைய உரிமை இல்லை. சட்டத்தில் பெயர் இருந்தவர்களுக்கு இருந்தது. விளைவில் தெரியும் வேறுபாட்டுக்கு முதல் காரணமாக நான் காண்பது இதையே.

குறிப்பான ஒன்றைப் பற்றிக் கேட்டபோதும் பங்கேற்பு நன்றாக வேலை செய்தது. 2015 டிசம்பரில் திறந்த மார்கரெட் மேஹி விளையாட்டுத் திடலுக்காகப் பள்ளிக் குழந்தைகளிடம் போட்டி வைத்து யோசனை கேட்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பங்கேற்றார்கள். இடம் எது, எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மையத்துக்குக் குடும்பங்களை இழுத்துவரும் இடங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது வடிவம் அனுமதிக்குக் காத்திராமல் செய்து பார்ப்பது. கேப் ஃபில்லர் என்ற தன்னார்வக் குழு காலி மனைகளில் தற்காலிக முயற்சிகளை நடத்தியது. 2012இல் ஒரு பழைய துணி துவைக்கும் எந்திரத்தை ஒலிபெருக்கிகளோடு இணைத்து, காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் நடனத் தளம் அமைத்தார்கள். சரக்கு ஏற்றும் மரப் பலகைகளை அடுக்கித் தன்னார்வலர்கள் எழுப்பிய அரங்கு ஒரு கோடைக்கு என்று தொடங்கியது; மக்களே பணம் திரட்டிக் கொடுத்ததால் மேலும் நீடித்தது. எது மக்களைக் கூட்டுகிறது, எது வெறிச்சோடுகிறது என்பதைக் கேள்வித்தாள் இல்லாமலே இவை காட்டின. கேட்டறிவதோடு செய்தறிவதும் பங்கேற்பின் பகுதிதான்.

1969இல் அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கருத்துக்கேட்பை அவர் நடுப்படிகளில், பெயரளவிலான பங்கேற்பில் வைத்தார். முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறும்போதே மேல் படிகள் தொடங்குகின்றன என்றார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வகைப்பாடு பொருந்துகிறது. எத்தனை பேர் பேசினார்கள் என்பது பங்கேற்பின் அளவுகோல் அல்ல. பேசியபின் அவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்பதே அளவுகோல்.

இதிலிருந்து எந்த நகரமும் எடுத்துக்கொள்ளக்கூடியவை நான்கு. விருப்பத்தோடு விலையையும் மக்கள் முன் வைக்க வேண்டும்: இதைக் கட்டினால் வரி இவ்வளவு, இந்தப் பூங்கா வந்தால் இத்தனை கடைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். வர முடியாதவர்களின் வாசலுக்குக் கேட்பவர்களே போக வேண்டும். திரட்டிய கருத்துகளில் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கடைசியாக, திட்டத்தின் முதல் கோட்டிலிருந்து கடைசிச் செங்கல் வரை மக்களின் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி ஓர் இருக்கை இருக்க வேண்டும். அமைச்சர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் அந்த இருக்கை அகலக் கூடாது.

முதல் மூன்றும் நல்ல அதிகாரிகள் மனம் வைத்தால் நடக்கும். நான்காவது அதிகாரத்தைப் பகிர்வது. எனவே எளிதில் வராது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றின் பலனையும் ஒரே அரசாணையால் துடைத்துவிட முடியும். கிறைஸ்ட்சர்ச் மக்கள் தங்கள் பங்கைக் குறையின்றிச் செய்தார்கள். துயரத்தின் நடுவே நேரம் ஒதுக்கி யோசித்தார்கள், எழுதினார்கள், நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது விருது அல்ல, வாக்கு. தன் மக்களிடம் கருத்துக் கேட்கப் புறப்படும் எந்த நகர நிர்வாகமும் முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்த வாக்கைக் கொடுக்கத் தயாரா என்பதைத்தான்.