புயலில் பயணிகள் மட்டும்தானா?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். நான் வாசித்த சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் அவை பெரும்பாலும் அந்தி நேரத்து விளக்குகள், அவ்வளவுதான். உள்ளே இருபது பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

தமிழில் கடல் இல்லாமல் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் பினாங்குக்குப் போகும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதியை யார் மறப்பார்? ஆனால் அந்தப் புயலை நாம் பயணிகளோடு உட்கார்ந்துதான் பார்க்கிறோம். ரஜூலா கப்பல் பற்றிய குடும்ப நினைவுகளும் அப்படியே. டெக்கில் படுத்து வந்த தாத்தா இருக்கிறார். கீழே இன்ஜின் அறையில் வெந்தவர் இல்லை. ஜோ டி குருஸின் 'கொற்கை' விதிவிலக்கு. தூத்துக்குடித் தோணியை அது தொழிலாகப் பார்க்கிறது. முதலாளி, தண்டல், கூலி எல்லாருக்கும் அதில் இடமுண்டு. ஆனால் கன்டெய்னர் கப்பலுக்கு அப்படியொரு நாவல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் பாடுபொருள் குறை இல்லை. 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம். ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஏடுகளைத் திருத்தி எழுதுவது கப்பல்களில் வழக்கமாகிவிட்டது என்று உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு சொன்னது. அதே ஆண்டு, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் கப்பல்களில் கிடந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள், கப்பலில் ஏற்கெனவே ஒரு புனைவு எழுதப்படுகிறது! தூங்காதவன் தூங்கினேன் என்று கையெழுத்துப் போடுகிறான். 'வேலை திருப்தியா?' என்று படிவம் கேட்டால், அடுத்த ஒப்பந்தத்தை நினைத்து 'ஆம்' என்று டிக் அடிக்கிறான். 'நல்லா வேல பாக்குறான்' என்று பெயர் வாங்குவதற்குப் பல நேரம் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். இதையெல்லாம் புள்ளிவிவரம் 'ஆம்' என்றுதான் எண்ணும். அந்த 'ஆம்'க்கும் அவன் உடம்புக்கும் இடையில் இருப்பதைச் சொல்ல கதைதான் வேண்டும்.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் கட்டுமானத் தொழிலாளர் நம் எழுத்துக்குள் வந்துவிட்டார். பக்கத்தில் நின்று பேச முடிந்ததால் வந்தார். மாலுமிக்குக் கரையில் கிடைப்பது சில மணி நேரம்; சில துறைமுகங்களில் அதுவும் இல்லை. அவர் நம்மிடம் வரமாட்டார். எழுதுகிறவர்தான் தேடிப் போக வேண்டும்.