பொத்தான் கடையும் அரசாணையும்

பிறர் பொருளை வெஃகுதல் தனிமனிதனின் குற்றம் என்றே அறநூல்கள் பேசுகின்றன. அவ்வெஃகுதலுக்கு அரசே முத்திரையிட்டு உரிமம் வழங்கினால் என்ன நேரும்? இவ்வினாவை எழுப்பும் அரிய படைப்பு 'பெருவீதிக் கடை' என்னும் ஸ்லோவாக்கியத் திரைப்படம். லாதிஸ்லவ் கிராஸ்மனின் கதையைக் கொண்டு யான் காடார், எல்மார் குளோஸ் ஆகிய இருவரும் 1965-இல் இயக்கிய இப்படம், சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது.

கதையின் பின்புலத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1939-இல் ஹிட்லரின் தயவில் தோன்றிய ஸ்லோவாக் அரசின் தலைவராக விளங்கியவர் யோசெஃப் திசோ என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். 1944 ஆகஸ்டு வரை ஜெர்மானியப் படை அந்நாடு முழுவதையும் கைப்பற்றியிருக்கவில்லை. யூதரின் உடைமையைப் பறிக்கும் சட்டங்களை இயற்றியவரும் நிறைவேற்றியவரும் உள்நாட்டாரே. யூதர்களின் வணிக நிலையங்களுள் ஏறத்தாழ 10,000 மூடப்பட்டன; ஏறத்தாழ 2,300 'ஆரியர்' கைக்கு மாறின. வாழ்வாதாரம் இழந்தோரை நாட்டுக்குச் சுமை எனக் கூறி, 1942 மார்ச் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 58,000 பேரை நாடு கடத்தினர். தலைக்கு 500 மார்க்கு வீதம் ஜெர்மனிக்குக் கட்டணம் செலுத்தவும் அவ்வரசு இசைந்தது!

இப்பெருங்கொடுமையை ஒரு சிற்றூரின் பொத்தான் கடைக்குள் அடக்கிக் காட்டுவதே படத்தின் வெற்றி. ஏழைத் தச்சன் தோனோவுக்கு, பாசிசப் படையில் பதவி வகிக்கும் உறவினன் ஓர் ஆணைத்தாளைக் கொண்டு தருகிறான். லௌட்மன் என்னும் யூதக் கைம்பெண்ணின் கடைக்கு இனித் தோனோவே அதிகாரி. காது மந்தமான அம்மூதாட்டியோ, அவனைத் தனக்கு உதவ வந்த பணியாளன் என எண்ணி அன்பு பாராட்டுகிறாள். கடையில் பொத்தானும் நாடாவும் அன்றிச் செல்வம் ஏதுமில்லை. யூத சமூகத்தாரே திரட்டித் தரும் ஊதியத்தை அவன் பெறுகிறான். ஏழையைக் கொண்டே ஏழையைக் கொள்ளையிடும் அரசின் சூழ்ச்சியை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்ட இயலும்?

தோனோவை நல்லவன், சூழலின் கைதி என்று கூறி விடுவிப்பது எளிது. அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. அவன் மூதாட்டியின் மரச்சாமான்களைச் செப்பனிடுகிறான். அவளை நேசிக்கவும் செய்கிறான். ஆயினும் ஆணைத்தாளை அவன் திருப்பித் தரவில்லை. நாடுகடத்தும் நாளில் அவளைக் காக்க விரும்பும் மனமும், தன் உயிருக்கு அஞ்சும் மனமும் அவனுள் மோதுகின்றன. அச்சத்தில் அவளை அறைக்குள் தள்ளுகிறான், அவள் இறக்கிறாள், அவனும் தூக்கிலிட்டுக் கொள்கிறான். அன்பு இருந்தும் துணிவு இல்லாதவன் கொலைக்குக் கருவியாகிறான் என்பதே இக்கதை உணர்த்தும் கடுமையான உண்மை.

இறுதியில் இருவரும் ஒளி நிறைந்த வீதியில் ஆடிச் செல்வதாகக் காட்டும் கனவு, அவ்வுண்மையின் கூர்மையைச் சற்றே மழுக்குகிறது. இஃதொன்றே படத்தின் குறை. எனினும் மூதாட்டியாக நடித்த இடா காமின்ஸ்காவின் முகம் அக்குறையை மறக்கச் செய்கிறது. அயலான் வீட்டுச் சாவியைச் சட்டமே நம் கையில் கொணர்ந்து தரும் நாளில் நாம் யாது செய்வோம்? படம் முடிந்த பின்னும் இவ்வினா நம்மை விட்டு அகல்வதில்லை.