செய்முறை உண்டு, தத்துவம் இல்லை

புதிய செல்பேசி வாங்கியவர்கள் அதன் பெட்டிக்குள் ஒரு சிறு ஊசியைப் பார்த்திருப்பீர்கள். செல்பேசியின் விளிம்பிலுள்ள துளையில் அதை நுழைத்து அழுத்தினால், சிம் அட்டை வைக்கும் தட்டு வெளியே வரும். அண்மையில் நான் வாங்கிய செல்பேசியின் பெட்டியில் இந்த ஊசியோடு எட்டுப் பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றும் இருந்தது. அட்டையாக வரும் சிம்மையும், அட்டையே இல்லாத இ-சிம்மையும் அமைத்துக்கொள்ளும் முறையை அது விளக்குகிறது.

மாணவர்களின் ஆய்வக ஏட்டைத் திருத்துவது போலவே அக்கையேட்டையும் படித்துப் பார்த்தேன். ஆய்வக ஏட்டில் நோக்கம், கருவிகள், தத்துவம், செய்முறை, முடிவு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும் என்பதை அறிவீர்கள். இக்கையேட்டில் நான்கு இருக்கின்றன. தத்துவம் மட்டும் இல்லை. செல்பேசி வேலை செய்தால் போதாதா, தத்துவம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். எழுத்துகள் பெரியவை. படங்கள் தெளிவானவை. அட்டையின் வெட்டப்பட்ட மூலை தட்டில் எப்பக்கம் அமைய வேண்டும் என்பது குழப்பமின்றிக் காட்டப்பட்டுள்ளது. இரண்டு சிம்கள் இருந்தால், பேசுவதற்கு எது, இணையத்துக்கு எது என்று தேர்ந்தெடுத்துத் தனித்தனிப் பெயரிட்டுக் கொள்ளுமாறும் கையேடு கூறுகிறது. இது நல்ல அறிவுரை.

எண் எங்கே இருக்கிறது?

குறை மூன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. “உங்கள் எண் சிம்மில் உள்ளது” என்கிறது கையேடு. இது சரியன்று. சில அட்டைகளில் எண் ஒரு நினைவுக்குறிப்பாக எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் இன்ன எண் இன்ன சிம்முக்கு உரியது என்ற கணக்கு, சேவை நிறுவனத்தின் கணிப்பொறியில்தான் இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் வேறோர் அட்டையில் அதே எண்ணைப் பெற முடிவதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் சிம்மில் இருப்பது என்ன? முக்கியமாக இரண்டு. ஒன்று, 15 இலக்கங்கள் வரை கொண்ட ஓர் அடையாள எண். மற்றொன்று, 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவி.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, வராத நண்பனுக்காக “உள்ளேன் ஐயா” என்று குரல் கொடுப்பவர்கள் உண்டு. பெயரை மட்டும் அழைத்தால் இந்த ஏமாற்று நடக்கும். மாறாக, ஆசிரியருக்கும் அந்த மாணவனுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு வாய்பாடு இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் நாள்தோறும் ஒரு புதிய எண்ணைச் சொல்கிறார். மாணவன் வாய்பாட்டின்படி விடையைச் சொல்கிறான். இப்போது நண்பன் குரல் கொடுத்துப் பயனில்லை. செல்பேசிப் பிணையமும் இதையே செய்கிறது. அது ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. சிம் தன் இரகசியச் சாவியைக் கொண்டு விடையைக் கணக்கிட்டு அனுப்புகிறது. சாவி ஒருபோதும் சிம்மை விட்டு வெளியே வருவதில்லை. 128 பிட் சாவிகள் எத்தனை இருக்க முடியும் என்று எழுதிப் பார்த்தால் 39 இலக்கங்கள் கொண்ட எண் வரும். நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும், பிரபஞ்சத்தின் வயதான சுமார் 1,380 கோடி ஆண்டுகள் அதற்குப் போதா.

1991இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து கீசெக்கே-டெவ்ரியன்ட் நிறுவனம், ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக முதல் சிம் அட்டைகளைச் செய்து கொடுத்தது. முழு அளவு அட்டை 85.6 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும் உடையது. இன்றைய நானோ சிம் 12.3 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உடையது. பரப்பு 43இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சுருங்கியது பிளாஸ்டிக்தான்; இரகசியத்தைக் காக்கும் வேலை மாறவில்லை.

இ-சிம் என்பது யாது?

இ-சிம்மில் அந்தப் பிளாஸ்டிக்கும் போய்விட்டது. சில்லு செல்பேசிக்குள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது. அடையாள எண்ணும் சாவியும் அடங்கிய தொகுப்பு இணையம் வழியாக வந்து அதில் இறங்குகிறது. நாம் படம் பிடிக்கும் கியூ.ஆர். குறியீடு அந்தத் தொகுப்பு அன்று. தொகுப்பு எந்தக் கணிப்பொறியில் காத்திருக்கிறது என்ற முகவரியும், அதைப் பெறுவதற்கான சீட்டு எண்ணுமே அதில் உள்ளன. தொகுப்பு குறிப்பிட்ட அந்த ஒரு சில்லு மட்டுமே படிக்கக்கூடிய வகையில் மறையாக்கம் செய்யப்பட்டு வருகிறது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இ-சிம்மை இறக்கப் பெரும்பாலும் வை-ஃபை போன்ற வேறோர் இணைய இணைப்பு வேண்டும். இரண்டாவது, சீட்டு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் செல்லும். மூன்றாவது, அழித்துவிட்டால் மீண்டும் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடக் கையேடு கூறவில்லை. “குறியீட்டைப் படம் பிடிக்கவும், தொடர்க என்பதை அழுத்தவும்” என்பதோடு நின்றுவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், மெதுவாக இயங்கிய தம் செல்பேசியை முற்றிலும் அழித்துப் புதிது போலாக்க முனைந்தார். “இ-சிம்மையும் அழிக்கவா?” என்று செல்பேசி கேட்டது. பழைய குறியீடு கைவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் ‘ஆம்’ என்றார். மறுபடி படம் பிடித்தபோது குறியீடு செல்லவில்லை. மாற்று சிம் கேட்க முயன்றால், உறுதிசெய்யும் குறுஞ்செய்தி அதே எண்ணுக்குத்தான் வரும் என்றது நிறுவனம். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை! கடைக்கு ஓடி, ஆதாரைக் காட்டிப் புதிய இ-சிம் பெற்றார். ஆனால் மாற்று சிம் கொடுத்தபின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராமல் நிறுத்திவைப்பது நம் நாட்டில் மோசடியைத் தடுக்கச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடு. விண்ணப்பத்துக்கு வேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேருமுன் நாள் கடந்துவிட்டது.

அவர் படிக்காதவர் அல்லர். கையேட்டை வரி விடாமல் படித்தவர். அதில் இல்லாததை அவர் எப்படி அறிவார்?

திருட முடியாத சிம்மா?

“இ-சிம்மை யாரும் திருட முடியாது” என்று கடைசிப் பக்கம் பெருமை பேசுகிறது. இது பாதி உண்மை. கையால் கழற்ற முடியாது என்பது மெய். ஆனால், நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் எண்ணைத் தம் செல்பேசியின் இ-சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். சாவியை அவர்கள் உடைப்பதில்லை. எண் சிம்மில் இல்லை, நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது என்று முன்பு கண்டோம் அல்லவா? அந்தக் கணக்கையே மாற்றச் செய்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல், மாற்று சிம் பெற்ற 7 நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததற்கும் இவ்வகை மோசடியே காரணம்.

அட்டை சிம்முக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. செல்பேசிக்கு நாம் போடும் பூட்டு, அட்டையைக் காக்காது. அட்டையைக் கழற்றி வேறு செல்பேசியில் போட்டால் உங்கள் கடவுச்சொற்கள் அங்கே போய்ச் சேரும். அதைத் தடுப்பது சிம்முக்கான ‘பின்’ எண். மூன்று முறை தவறாக இட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். ‘பக்’ எண்ணால்தான் திறக்க முடியும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் அட்டை பயனற்றதாகிவிடும். ஆகவே நிறுவனம் தந்த எண்களைக் கேட்டறிந்த பிறகே இதை அமைக்க வேண்டும். இதைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை.

அரைப் பக்கம் போதும்

நான் இ-சிம்மின் எதிரி அல்லன். தட்டுக்கான இடம் மிச்சமாகிறது. வெளிநாடு செல்பவர்கள் பழைய எண்ணை விடாமலே புதிய எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14 வகைகளில் அட்டைத் தட்டே இல்லை. ஆனால் அட்டை இருந்தவரை, செல்பேசி பழுதானால் ஊசியால் எடுத்து வேறொன்றில் போட்டு இரண்டே நிமிடத்தில் பேசினோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சில செல்பேசிகள் இ-சிம்மையும் தாமே மாற்றித் தருகின்றன. எனினும் பழைய செல்பேசி இயங்க வேண்டும், சேவை நிறுவனமும் இசைய வேண்டும். ஊசி நம் கையில் தந்த அந்த உரிமை போகிறது என்றால், அதைப் பயனாளருக்குச் சொல்லிவிடுவது நிறுவனங்களின் கடமை.

எட்டுப் பக்கக் கையேட்டில் அரைப் பக்கம் ஒதுக்கினால் இத்தனையும் அடங்கிவிடும். அந்த அரைப் பக்கம் அச்சாகும்வரை அந்த வேலையை நீங்கள் செய்யலாம். உங்கள் வீட்டில் வங்கிக் கணக்கோடு இணைந்த எண் எந்தச் சிம்மில், எந்தச் செல்பேசியில் இருக்கிறது, அது பழுதானால் என்ன செய்வது என்று இன்றே பெற்றோரோடு அமர்ந்து பேசுங்கள். செல்பேசி அழிக்கட்டுமா என்று கேட்கும்போது, எதை அழிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.