கேட்டலும் ஒரு நடிப்பே
டி. எஸ். பாலையாவின் திரைக்கலை பற்றிய ஒரு நோக்கு

நடிப்பு என்பதைப் பேசுவோனது கலை என்றே நாம் பெரும்பாலும் கருதி வந்துள்ளோம். நீண்ட வசனத்தைத் தடையின்றி முழங்குபவன் நல்ல நடிகன். அவன் எதிரே வாய்மூடி நிற்பவனோ மேடையில் வெற்றிடத்தை நிரப்ப வந்தவன். இவ்வெண்ணம் நம் மலைநாட்டுப் பாடசாலை மேடைகளிலும் வேரூன்றியுள்ளது. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் பழக்கும்பொழுது, பாத்திரம் பெற்ற மாணவன் முதலிற் செய்வது தனக்குரிய வரிகளை எண்ணிப் பார்ப்பதேயாகும். வரி குறைந்தால் முகம் வாடுகின்றது. ஆனால், பிறர் பேசக் கேட்டு நிற்றலும் ஒரு நடிப்பே. சில வேளைகளில் அதுவே தலையாய நடிப்பாகும். இவ்வுண்மையைத் தமிழ்த் திரையில் ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் டி. எஸ். பாலையா (1914–1972). அவருடைய முப்பத்தாறு ஆண்டுத் திரைவாழ்வை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

பாலையாவைக் 'குணசித்திர நடிகர்' என்று வழங்குவர். கதைத் தலைவனாய் நின்று கைதட்டல் பெறுவது இத்தகைய நடிகர்க்கு உரியதன்று. தந்தையாய், தமையனாய், வஞ்சகனாய், வித்துவானாய்க் கதைக்குள் வந்து, தலைவனது பெருமையோ சிறுமையோ புலப்படத் துணைநிற்பதே அவர் தொழில். இசையரங்கிற் பக்கவாத்தியக்காரருக்கு உள்ள இடம் இது. பாடுவோன் எங்கே நிறுத்துவான், எங்கே எழுவான் என்று செவிகூர்ந்து இராதவன் நல்ல பக்கவாத்தியக்காரன் ஆகான். வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்துச் செவிச்செல்வத்தைச் சிறப்பித்தார். அச்செல்வம் கற்றோர்க்கு மட்டுமன்றி நடிகர்க்கும் உரியதென்பதற்குப் பாலையாவே சான்று.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பகுதியிற் பிறந்து, நாடக மேடையிற் பயின்ற பாலையா, 1936 இல் 'சதி லீலாவதி' வாயிலாகத் திரைக்கு வந்தார். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய முதற் படம். எம். ஜி. ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் திரையில் அறிமுகமானதும் இதிலேதான். ஊவா வாசகராகிய நமக்கு இப்படத்தில் தனி அக்கறை உண்டு. சென்னைச் செல்வனாகிய கிருஷ்ணமூர்த்தி (எம். கே. ராதா) தீய நண்பன் இராமநாதனால் மதுவுக்கும் பரத்தைக்கும் அடிமையாகின்றான், கொலை செய்துவிட்டதாக அஞ்சித் தப்பி ஓடுகின்றான். அவன் ஓடிவந்து ஒளியும் இடம் இலங்கைத் தேயிலைத் தோட்டம். அவன் செய்யும் வேலை கூலிவேலை. அவனை இந்நிலைக்கு இழுத்துவிட்ட இராமநாதனே பாலையா.

தமிழ்ப் பேசும்படம் தோன்றி ஐந்தாண்டுகள் நிறையுமுன்னரே நம் மலைகள் கதைக்குள் வந்துவிட்டன. ஆனால், எவ்வாறு வந்தன? பாவம் செய்தவன் கழுவாய் தேடும் இடமாக வந்தன. கிருஷ்ணமூர்த்தி தோட்டத்திற் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, அதனால் உயர்ந்து ஊர் திரும்புகின்றான். புதையல் கண்டு ஊர் திரும்பிய பாட்டன் ஒருவனைப் பற்றி நம் லயங்களில் எவரும் சொல்லக் கேட்டிலம். மண்டபம் முகாம் வழியாக வந்தோர், எடுத்தது கொழுந்து ஒன்றையே.

முதற் பத்தாண்டுகளிற் பாலையா பேசுவோராகவே விளங்கினார். 'சதி லீலாவதி'யின் இராமநாதன் பிறர் காதில் நஞ்சை ஊற்றுபவன். அடுத்த ஆண்டு வந்த 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிர்நின்ற உருத்திரசேனனும் அவ்வினத்தவனே. 1948 இல் 'மோகினி'யில் தலைமைப் பாத்திரமும் அவர்க்குக் கிட்டியது. எனினும், அவ்வழியில் அவர் நெடுந்தொலைவு செல்லவில்லை. 1949 இல் வந்த அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யில் ஒரு திருப்பத்தைக் காண்கின்றோம். பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனை அறிவின் வழிக்குத் திருப்பும் நண்பன் மணியாக இதில் அவர் வருகின்றார். வசனத்தாற் புகழ்பெற்ற அப்படத்தில் கே. ஆர். இராமசாமியின் சினம் நமக்கு உறைப்பதற்கு, அச்சினத்தை ஒருவன் அமைதியாகக் கேட்டு அளந்துகொண்டிருப்பதும் ஒரு காரணமாகும். காதில் ஓதியவன் காது கொடுப்பவனாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

அவர் செய்தன எல்லாம் ஒரே தரத்தன என்று கூறுவது திறனாய்வு ஆகாது. 'தூக்குத் தூக்கி'யில் (1954) அவர் ஏற்ற வடநாட்டுச் சேட்டு, கொச்சைத் தமிழைக் கொண்டு சிரிப்பு மூட்டுபவன். ஓர் இனத்தாரின் பேச்சை உருக்குலைத்து நகை விளைப்பது எளிய வழி. நம் பேச்சையும் கங்காணி வேடத்தையும் பிறர் மேடையில் அவ்வாறு எள்ளக் கண்டவர்கள் அந்நகையை முழுமனத்தோடு ஏற்பதரிது. அங்கே அவர் நாவை நம்பினார், செவியை நம்பவில்லை.

'பாகப்பிரிவினை' (1959) வேறு வகையது. தம்பி மீது அன்பும் மனைவி சொல்லுக்கு அச்சமும் ஒருங்கே கொண்ட தமையன் வைத்தியலிங்கமாகப் பாலையாவும், தம்பியாக எஸ். வி. சுப்பையாவும் நடித்தனர். ஒரு வீடு சுவரெழுப்பி இரண்டாகின்றது. மனைவி பேசுகின்றாள், அவர் கேட்கின்றார். மறுக்க நினைப்பதும், மறுக்க மாட்டாமையும், அம்மாட்டாமையால் வரும் நாணமும் முகத்தில் அடுத்தடுத்துத் தோன்றி மறைகின்றன. தீயவனென்று அவரை வெறுக்கவும் இயலவில்லை. நல்லவனென்று மன்னிக்கவும் இயலவில்லை. இதனையே குணத்தின் சித்திரம் என்கின்றோம்.

இக்கலை நகையாக மலர்ந்தது ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964). சின்னமலைத் தோட்ட முதலாளி விசுவநாதனுக்கு, படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்) தன் கதையைச் சொல்லுகின்றான். பேய்க்கதை, பேசுவதும் ஒலியெழுப்புவதும் நாகேஷே. பாலையாவுக்குச் சில 'உம்'களும் அலறல்களுமே உண்டு. ஆயினும் நம் கண் நாடுவது யாரை? முதலில் அசட்டை, பின்னர் ஆவல், அதன்பின் அச்சம், இறுதியில் மகனிடம் அகப்பட்டுக்கொண்டோமே என்னும் தவிப்பு: இத்தனையும் கேட்பவரது முகத்தில் நிகழ்கின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய அச்சம் அவரிடத்தே பிறக்கின்றது. அதன் பயனாய நகை நம்மிடத்தே பிறக்கின்றது. சொல்பவன் பாதிக் கதையையே படைத்தான். மறுபாதியைக் கேட்டவர் படைத்தார்.

என் இளமையில், எமது தோட்டத்துத் திருவிழா நாள்களில், பதுளையிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்குக் கொணர்ந்து விடிய விடியப் படங்காட்டுவர். இக்காட்சி வரும்பொழுது உறங்கிய குழந்தைகளையும் தட்டி எழுப்புவர். விடிந்தாற் பிரட்டுக்குச் செல்லவேண்டிய பெண்களும் சாக்கை விரித்துப் பனியில் அமர்ந்திருப்பர். தோட்ட முதலாளி ஒருவர் நடுங்குவதைக் காண்பதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி இருந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் இங்கே ஒன்று கூறாதிருத்தல் இயலாது. சின்னமலைத் தோட்டத்தில் முதலாளி உளர், மாளிகை உண்டு, மகளிர் உளர். கொழுந்தெடுக்கும் கையின் கதை அங்கில்லை. வேலை நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் வீட்டுமுன் கூடாரமடித்து நியாயம் கேட்பதும் ஆடல் பாடலாகவே முடிகின்றது. இப்படம் வெளிவந்த அதே 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மலையக மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னொரு நாளின் முடிவுக்கு எனப் பங்கிடப்பட்டனர். அம்மக்களின் கருத்தைக் கேளாமலே அப்பங்கீடு நிகழ்ந்தது. இதனைப் பாலையாவின் குறையாக யாம் சொல்லவில்லை. கேட்டலின் அருமையைக் கேட்கப்படாதவர்களே நன்கறிவர் என்பதற்காகவே ஈண்டுக் குறித்தோம்.

பாலையாவின் கலை முடிந்த முடிபாக விளங்குவது 'திருவிளையாடல்' (1965) படத்திலாகும். பரஞ்சோதி முனிவர் பாடிய விறகு விற்ற படலத்தைத் தழுவியது அப்பகுதி. ஏமநாத பாகவதர் பாண்டியன் அவையிற் செருக்கோடு பாடுகின்றார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, செருக்கு பாலையாவுடையது. பிறர் குரலுக்கு வாயசைக்கின்றார் என்பதே மறந்துபோகும்படி தலையும் தோளும் விரல்களும் அப்பாட்டுக்கு உடம்பாகின்றன. ஆனால், அப்பாத்திரம் உயர்வது அவர் பாடும்பொழுதன்று. விறகுவெட்டியாக வந்த இறைவன் பாடக் கேட்கும்பொழுதே. தெருத் திண்ணையிலிருந்து பாட்டு எழுகின்றது. முதலில் இகழ்ச்சி, பின்னர் ஐயம், பின்னர் மருட்கை. பாணபத்திரருக்கு மாணவனாகவும் தகாதவன் என்று தள்ளப்பட்டவனே இவ்வாறு பாடுவானாயின், அவ்வாசிரியன் எத்தகையவனோ என்னும் எண்ணம் எழுந்த கணத்தில் செருக்கு முழுவதும் வடிந்து விடுகின்றது. இரவோடிரவாக ஊரை விட்டு நீங்குகின்றார்.

இத்தோல்வியில் இழிவு இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். செவியில்லாதவன் இப்பாட்டைக் கேட்டும் மறுநாட் காலை அவைக்குச் சென்றிருப்பான். ஏமநாதர் உண்மையான வித்துவான். ஆதலினாலேயே தம்மினும் பெரியதைக் கேட்டவுடன் அறிந்துகொண்டார். இந்நுட்பத்தைப் பாலையா காட்டியிராவிடில் அக்கதை ஒரு செருக்கனை விரட்டிய கதையாக நின்றிருக்கும். தோற்றவன் மீதும் நமக்கு மதிப்புப் பிறக்கச் செய்தது அவர் கேட்ட முறையேயாகும்.

மூன்றாண்டுகளின் பின், 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் (1968) தவில் வித்துவான் முத்துராக்காக வந்தார். சண்முகசுந்தரத்தின் சினத்தையும் காதலையும் தாங்கிக்கொண்டு, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றும் பாத்திரம் அது. வாழ்நாள் முழுவதும் பக்கவாத்தியமாய் விளங்கிய நடிகர்க்குத் தவிலே கருவியாய் வாய்த்தது பொருத்தமே.

பிறநாட்டுத் திரையிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1902 இல் வியன்னாவிற் பிறந்த வால்ட்டர் ஸ்லேசாக், புகழ்பெற்ற இசைநாடகப் பாடகர் லியோ ஸ்லேசாக்கின் மைந்தர். இளமையில் அழகிய தலைவனாக நடித்து, உடல் பருத்தபின் வஞ்சகனாகவும் கோமாளியாகவும் அமெரிக்கத் திரையிற் பெயர் பெற்றவர். ஹிட்ச்கொக் இயக்கிய 'லைஃப்போட்' படத்தில் (1944), மூழ்கிய கப்பலிலிருந்து தப்பியோர் நிறைந்த படகில் ஏற்றப்படும் செர்மானியனாக வருகின்றார். ஆங்கிலம் அறியாதவன் போல் அமர்ந்து, அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதே அப்பாத்திரத்தின் உயிர்நிலை. ஆனால், ஸ்லேசாக் கேட்பது பிறரை வெல்வதற்காக. பாலையா கேட்பதோ பிறரால் மாற்றமடைவதற்காக. நம் நடிகரின் தனிச்சிறப்பு இவ்வேறுபாட்டிலேயே உள்ளது.

பாலையா எப்பாத்திரத்திலும் பாலையாவாகவே தோன்றினார், அக்குரலும் அவ்விழுவையும் மாறவில்லை என்பார் உளர். குரல் மாறவில்லை என்பது உண்மையே. ஆனால், ஒரே தவில் மல்லாரிக்கும் ஒலிக்கின்றது, மங்கல நாணுக்கும் ஒலிக்கின்றது. கருவி ஒன்றாயினும் கேட்ட பாட்டுக்கேற்ப அடி மாறுகின்றது. வைத்தியலிங்கத்தின் மௌனமும், விசுவநாதனின் மௌனமும், ஏமநாதரின் மௌனமும் ஒன்றல்ல. குரலைக் கொண்டு அவரை அளப்போர் அவர் பேசாதிருந்த இடங்களை அளக்கத் தவறினர்.

1972 இல் பாலையா மறைந்தார். தோட்டத்துக் கூலியாகத் தலைவனை ஓடவிட்டவனாய்த் தொடங்கி, தோட்ட முதலாளியாய்ச் சிரிக்கவைத்து, ஒரு விறகுவெட்டியின் பாட்டுக்குத் தலைவணங்கியவராய் அவர் நம் நினைவில் நிற்கின்றார். வரிகளை எண்ணும் மாணவர்க்கு யாம் சொல்ல விரும்புவது இதுவே: அடுத்த நாடகத்தில் உமக்கு வசனமே இல்லையாயினும் வருந்தற்க. எதிரே நிற்பவன் சொல்வதை உண்மையாகக் கேளுங்கள். பேசுவோர் மலிந்த நாட்டிற் கேட்போர் அரியர். மேடையிலேனும் அதனைப் பழகுவோமாக.