இரவல் மெட்டின் இலக்கணம்

ஒரு படைப்புக்குரிய ஒலியை இன்னொரு படைப்பிற் பொருத்துவது கலையா, வெறும் கைத்திறனா? பழைய வீடியோ விளையாட்டுகளின் நிரலைத் திருத்தி, ஒன்றன் ஓசைகளை மற்றொன்றில் ஏற்றும் இன்றைய இளைஞரின் முயற்சி இவ்வினாவை எழுப்புகின்றது. மலையகப் பாடல் மரபை மதிப்பிட முற்படுவோரும் இதே வினாவை எதிர்கொள்ளவே வேண்டியுள்ளது.

குருவிட்ட முதலான சப்பிரகமுவத் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் அருகருகே வளர்கின்றன. அத்தகைய தோட்டங்களின் லயங்களிற் குடியேறியோர் தமிழகத்திலிருந்து தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி மெட்டுகளைக் கொணர்ந்தனர். மெட்டு நிலைத்தது, சொல் மாறியது. கங்காணியும் துரையும் பிரட்டுக்களமும் கொழுந்துக்கூடையும் பழைய மெட்டினுள் இடம்பெற்றன. காமன் கூத்தில் இரதி புலம்பும்போது, இழவு வீட்டு ஒப்பாரியின் ஓசை கூத்துக் களத்துக்கு வருகின்றது. அவ்வோசை வெறுமனே வருவதில்லை. கேட்போர் முன்னர் சிந்திய கண்ணீரையும் உடன் கொண்டே வருகின்றது.

இம்மரபை அரசியற் கருவியாக்கியவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள். 1940இல் வெளிவந்த அவரது ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறுநூல், மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைந்த பாடல்களைக் கொண்டது. எழுத்தறியாத தொழிலாளரிடம் செய்தியைச் சேர்ப்பதற்குப் புதுமெட்டுத் தடையாகும். பழகிய மெட்டோ செவியில் முன்னரே அமைந்திருக்கும் பாதையாகும். ஆகவே இங்கு இரவல் என்பது கற்பனை வறுமையன்று. கேட்போரை அறிந்த தெரிவு எனலாம்.

இத்தெரிவுக்குக் கட்டுப்பாடும் உண்டு. 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபமிகொம் கருவியின் ஒலிப்பகுதி ஐந்து தடங்களையே உடையது. புதிய ஓசையை ஏற்றுபவர் அத்தடங்களுக்கும், நினைவகத்திற் கிடைக்கும் இடத்துக்கும் அடங்கியே செயற்படல் வேண்டும். பொருத்தமும் நோக்கப்படல் வேண்டும். வெற்றியை உணர்த்தும் ஓசை தோல்வியின்போது ஒலிப்பின் ஆடுபவர் மயங்குவார். பாடலிலும் இவ்வாறே. சொற்கள் மெட்டின் அளவுக்குள் அடங்காவிடின் அசைநிறைகள் பெருகும். களிப்பு மெட்டில் துயரை ஏற்றினால், எள்ளல் நோக்கமாக இல்லாதவிடத்து, பொருள் சிதையும். இவ்வகைப் பாடல்களின் நிறைகுறைகளை இவ்வளவைகளாலேயே அளத்தல் தகும். மெட்டு சொந்தமானதா என்று மட்டும் வினவி, அவற்றை இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பாக்குதல் நேர்மையான திறனாய்வாகாது.

பிறிதொரு குறை நம்மவரின் தொகுப்பு முறையில் உள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தமை பெரும்பணியாகும். எனினும் அச்சுத்தாள் சொல்லைக் காக்குமேயன்றி மெட்டைக் காவாது. ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்னும் தலைக்குறிப்பு, அம்மெட்டை அறியாத தலைமுறைக்கு ஊமைக் குறிப்பேயாகும். பழைய விளையாட்டின் நிரல் எஞ்சியிருந்தும், அதனை இயக்கும் கருவி மறைந்துவிட்ட நிலைக்கு இது ஒப்பாகும். விளையாட்டு ஆர்வலரோ அந்நிலையை முன்னுணர்ந்து, பழைய கருவியைப் போன்றே இயங்கும் மென்பொருள்களை ஆக்கிக்கொண்டனர். பாடலுக்கு அத்தகைய மாற்றுக் கருவி கிடையாது. பாடுவோரின் குரலே அதன் கருவி.

ஆகவே குருவிட்டத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் மெட்டுகளை நினைவிற் கொண்டுள்ள முதியோரின் குரலைச் சொல்லோடு சேர்த்துப் பதிவுசெய்வது தமிழ் மாணவரின் உடனடிக் கடமையாகும். இரவல் பெற்ற மெட்டு இழக்கப்படுமாயின், அதன்மேற் கட்டப்பட்ட சொந்தச் சொல்லும் பாதி இழக்கப்பட்டதேயாகும்.